இடிக்காமல் திருத்தச் சொன்னவர்

கம்பம் பள்ளத்தாக்கிலே வெள்ளைக்காரத் துரை ஒருவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். தேநீர்க் கடைச் சுவரிலே அவர் படம் தொங்குகிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்த பெற்றோரும் உண்டு. லோயர் கேம்ப்பிலே 2013ஆம் ஆண்டு அவருக்கு மணிமண்டபமும் திறக்கப்பட்டது. மேற்குக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த பெரியாற்று நீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, 1895ஆம் ஆண்டு அணையை முடித்துத் தந்த பொறியாளர் ஜான் பென்னிகுயிக்தான் அவர். தண்ணீர் தந்தவனைத் தலைமுறை தலைமுறையாக மறவாத மக்கள் நம் பள்ளத்தாக்கு மக்கள். அந்தப் பெருந்தன்மைக்குத் தலை வணங்குகிறோம்.

அந்தப் பெருந்தன்மையை நம்பித்தான் இன்று இன்னொரு வெள்ளைக்காரரின் வாழ்க்கையைச் சொல்ல வந்திருக்கிறோம். அவர் நமக்கு அணை கட்டவில்லை, ஆற்றைத் திருப்பவில்லை. ஆனால் அவர் சொன்ன ஒரு சொல்லை அன்றைய ஆட்சியாளர் கேட்டிருந்தால், ஏழையின் குடிசை எத்தனையோ இடங்களில் இடிபடாமல் இருந்திருக்கும். அவர் பெயர் பாட்ரிக் கெடிஸ். ஊரமைப்புக் கலை என்றாலே உலகம் முழுவதும் முதலில் நினைக்கப்படும் பெயர்களில் ஒன்று அது. அவர் தமிழகத்திற்கு வந்தார். தஞ்சையிலும் மதுரையிலும் தெருத் தெருவாக நடந்தார். அறிக்கை எழுதிக் கொடுத்தார். அந்த நாளில் தேனியும் போடியும் கம்பமும் மதுரை மாவட்டத்து ஊர்கள்தாம். நம் வாசல்வரை வந்தவர் என்றே சொல்லலாம். ஆயினும் நம்மிலே எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

செடி படித்தவர் ஊர் படித்த கதை

கெடிஸ் 1854ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டில் பாலட்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். கட்டடக் கலையிலே பட்டம் பெற்றவர் அல்லர். இலண்டன் சென்று ஹக்ஸ்லி என்ற பெரும் அறிஞரிடம் உயிரியல் பயின்றவர். உயிர்களை ஆராயும் பணியே தம் வாழ்க்கை என்று எண்ணியிருந்தார்.

1879ஆம் ஆண்டு ஆராய்ச்சிக்காக மெக்சிகோ சென்ற இடத்தில் கண் பார்வை போயிற்று. வாரக் கணக்கில் இருட்டறையிலே அடைபட்டுக் கிடந்தார். இருபத்தைந்து வயது இளைஞனுக்கு, அதுவும் உருப்பெருக்கியை நம்பிப் பிழைக்க வேண்டியவனுக்கு, இதைவிடப் பேரிடி உண்டா? ஆனால் அவர் இடிந்துபோகவில்லை. சன்னலின் கண்ணாடிக் கட்டங்களை விரலால் தடவித் தடவி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கருத்தை வைத்து எண்ணிப் பழகினார். இடமும் தொழிலும் மக்களும் ஒன்றோடொன்று எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்று காட்ட, பிற்காலத்தில் அவர் கட்டம் கட்டமாக வரைந்த படங்களுக்கெல்லாம் அந்த இருட்டறைதான் பள்ளிக்கூடம். பார்வை பின்னர் திரும்பியது. எனினும் உருப்பெருக்கியிலே நெடுநேரம் கண்ணை வைத்து ஆராயும் வாழ்க்கை திரும்பவில்லை. அந்தக் கண்ணை அவர் ஊர்களின் பக்கம் திருப்பினார்.

எடின்பரோ நகரத்திலே பழைய ஊர், புதிய ஊர் என்று இரண்டு பகுதிகள். வசதி படைத்தோர் எல்லாம் புதிய ஊருக்குக் குடி பெயர்ந்துவிட்டார்கள். பழைய ஊரின் உயரமான, இடிந்த, இருண்ட அடுக்கு வீடுகளில் ஏழைகள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். அழுக்கு, நோய், குடி, பசி! அந்தப் பக்கம் போவதே இழிவு என்று சீமான்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

1886ஆம் ஆண்டு கெடிசுக்குத் திருமணம் ஆயிற்று. மனைவி அன்னா மார்ட்டன். மணமான புதிதில் அந்தத் தம்பதியர் எங்கே குடித்தனம் வைத்தார்கள் தெரியுமா? பழைய ஊரின் நடுவிலே, ஜேம்ஸ் கோர்ட் என்ற அடுக்கு வீட்டிலே! ஏழைகளுக்குப் பேருரை ஆற்ற அல்ல, அண்டை வீட்டாராய் வாழ. முதலில் தம் வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். அடுத்த வீட்டாரும் அடித்தார்கள். சன்னலோரம் பூத்தொட்டி வைத்தார்கள். குப்பை கொட்டும் மூலைகளைக் கூடிச் சுத்தம் செய்து தோட்டமாக்கினார்கள். இடிந்து விழும் நிலையிலிருந்த பகுதியை மட்டும் அகற்றிக் காற்றும் வெளிச்சமும் வரச் செய்து, நிற்கக்கூடிய சுவரை நிறுத்தினார்கள். கையிலிருந்த பணமெல்லாம் அதிலே போயிற்று, கடனும் ஏறிற்று.

ஆனால் அந்தச் சந்துகளிலேதான் அவருடைய கொள்கை பிறந்தது. ஊரும் உயிருள்ள உடம்பு. நோயாளியின் விரலில் புண் என்றால் கையை வெட்டுகிற வைத்தியனை யாராவது வைத்தியன் என்பார்களா? கெட்ட சதையை மட்டும் எடுத்து, நல்ல சதையைக் காக்கிறவனே வைத்தியன். ஊரைத் திருத்துவதும் அப்படித்தான் என்றார் கெடிஸ். பேணும் அறுவை முறை என்று அதற்குப் பெயர் சூட்டினார்.

ஆற்றின் வழியே ஊரைப் பார்த்தவர்

டண்டீ பல்கலைக் கல்லூரியில் 1888ஆம் ஆண்டு தாவரவியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. ஆண்டுக்கு மூன்று மாதம் பாடம் நடத்தினால் போதும் என்ற ஏற்பாடு. எஞ்சிய ஒன்பது மாதமும் ஊர்களுக்குத்தான். எடின்பரோவின் உயரமான இடத்திலே ஒரு பழைய கோபுரக் கட்டடத்தை 1892இல் வாங்கி, அதைக் காட்சிக் கோபுரமாக்கினார். உச்சியிலே நின்றால் நகரம் தெரியும். ஒவ்வொரு மாடியாக இறங்கினால் நகரம், நாடு, உலகம் என்று படங்களும் வரைபடங்களும் விரிந்துகொண்டே போகும். ஊரைத் திருத்துமுன் ஊரை அறி என்பது அதன் பாடம்.

அவர் சொன்ன இன்னொரு பாடம் நம் பள்ளத்தாக்குக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. ஒரு நகரத்தை அதன் எல்லைக் கல்லோடு நிறுத்திப் பார்க்காதே. மலையுச்சியில் தொடங்கிக் கடல்வரை ஓடும் ஆற்றோடு சேர்த்துப் பார் என்றார். மலையிலே சுரங்கக்காரன், காட்டிலே மரம் வெட்டுபவன், வேடன், சரிவிலே ஆடு மேய்ப்பவன், அடிவாரத்திலே சிறு உழவன், சமவெளியிலே பெரு விவசாயி, கடற்கரையிலே மீனவன். இவர்கள் அத்தனை பேரின் உழைப்பும் இறங்கி வந்து கூடுகிற இடந்தான் நகரம். அந்த உழைப்பாளியை வெளியே தள்ளிவிட்டு நகரம் மட்டும் வாழ முடியாது.

கெடிஸ் வரைந்த அந்தப் படத்தைக் கையிலே வைத்துக்கொண்டு நம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். மேலே ஏலத்தோட்டம். விடியுமுன் கம்பம் மெட்டிலும் போடி மெட்டிலும் குமுளிச் சாலையிலும் ஜீப்புகளில் நெருக்கியடித்துப் போகும் பெண்கள். அதற்குக் கீழே ஆட்டுக் கிடைகள். இறங்கினால் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று நெல்லும் வாழையும் திராட்சையும். முல்லையாறும் சுருளியாறும் கொட்டகுடி ஆறும் வைகையோடு சேரும் பக்கத்திலே தேனிச் சந்தை. அங்கிருந்து வைகை அணை, மதுரை, இராமநாதபுரச் சீமை. போடியிலே ஏலம் கூறும்போது கேட்கும் விலையில் மலையேறிய பெண்ணின் வியர்வை இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் தலை சாய்க்க இருக்கும் இடம் எது? வாய்க்கால் கரையிலே பட்டா இல்லாத குடிசை! அல்லது மலைமேலே தோட்டக்காரரின் லயம்!

எம்டனால் இழந்தார், எம்டனுக்கு அஞ்சாமல் வந்தார்

1914ஆம் ஆண்டு. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு, கெடிசின் நகரக் கண்காட்சியை இங்கே நடத்த அழைத்தார். உலக நகரங்களின் வரைபடங்கள், படங்கள், மாதிரிகள், பல்லாண்டு பாடுபட்டுச் சேர்த்த செல்வம் அத்தனையும் கிளான் கிராண்ட் என்ற கப்பலில் ஏற்றப்பட்டன. போர் மூண்டிருந்த நேரம். செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு மழை பொழிந்ததே ஜெர்மானியரின் எம்டன் கப்பல், சூழ்ச்சிக்காரனை எம்டன் என்று நம் கிழவிகள் ஏசும்படி செய்ததே, அதே எம்டன் அக்டோபர் மாதத்தில் கிளான் கிராண்ட்டை அரபிக் கடலிலே மூழ்கடித்தது. ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு கடலடிக்குப் போயிற்று.

அறுபது வயது மனிதர். வேறொருவராயிருந்தால் அடுத்த கப்பலில் ஊர் திரும்பியிருப்பார். அவர் நண்பர்களுக்கு எழுதினார்; அவர்கள் ஊர் ஊராகத் தேடிப் புதிதாகப் படங்கள் சேர்த்து அனுப்பினார்கள். 1915 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி திறக்கப்பட்டுவிட்டது!

அதோடு அவர் நின்றிருக்கலாம். நகராட்சித் தலைவர்களும் பொறியாளர்களும் வந்து பார்த்தார்கள், பாராட்டினார்கள். அவரோ மாகாணத்தின் ஊர்களைப் பார்க்கப் புறப்பட்டார். தஞ்சை, மதுரை, கோவை, பல்லாரி, குண்டூர், பெசவாடா என்று நடையாய் நடந்தார். 1915ஆம் ஆண்டே அறிக்கைகள் அச்சேறின.

தஞ்சையிலே ஒரு பாடம்

தஞ்சை நகரத்திலே மக்கள் நெருங்கி வாழும் பகுதியைச் சீர்திருத்த அதிகாரிகள் திட்டம் வைத்திருந்தார்கள். திட்டம் என்ன? வரைபடத்தின்மீது அளவுகோலை வைத்து நேர்கோடு இழுப்பது. கோடு போகும் வழியிலே உள்ள வீடுகளை எல்லாம் தரைமட்டமாக்குவது. அகலத் தெரு போடுவது. அங்கே இருந்தவர்கள் எங்கே போவார்கள்? அது வரைபடத்திலே இல்லை!

கெடிஸ் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுச் சந்துக்குள் நுழைந்தார். எந்த வீடு குடியிருக்கத் தகுதியானது, எந்தச் சுவர் தானே விழக் காத்திருக்கிறது, எந்த மனை வெறுமனே கிடக்கிறது, எங்கே கிணறு, எங்கே மரம், பெண்கள் எங்கே கூடிப் பேசுகிறார்கள், பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாய்க் குறித்தார். பாழடைந்தவற்றை மட்டும் அகற்றி, வெற்று மனைகளை ஒன்று சேர்த்துச் சிறு சிறு வெளிகளாக்கி, ஓரிடத்தில் ஒரு சுவரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் காற்றும் வரும், வண்டியும் வரும் என்று காட்டினார். அதிகாரிகள் போட்ட செலவில் ஒரு சிறு பங்கே போதும் என்றும் கணக்குப் போட்டுக் கொடுத்தார். பெரும்பாலான குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம்!

சுகாதாரத்தின் பெயரால் வீடுகளை இடித்தால் நெரிசல் தீராது என்பதை அவர் தெளிவாக எடுத்துக் காட்டினார். இங்கே இடிபட்ட வீட்டுக்காரன் காற்றிலே கரைந்தா போகிறான்? அடுத்த தெருவிலே, ஏற்கெனவே பத்துப்பேர் கிடக்கும் வீட்டிலே பதினோராவது ஆளாகப் புகுகிறான். வாடகை ஏறுகிறது. நோய் பெருகுகிறது. ஒரு தெரு அழகாயிற்று. இரண்டு தெரு நரகமாயிற்று. இதற்குப் பெயர் சீர்திருத்தமா?

மதுரையையும் திருவரங்கத்தையும் கண்டு அவர் வியந்து நின்றார். கோயிலை நடுவே வைத்து, சுற்றிச் சுற்றித் தெரு வளர்த்த தமிழனின் ஊரமைப்பு அறிவை அவர் ஐரோப்பிய நகரங்களுக்கு ஒப்பாக வைத்து எழுதினார். கோயிலைச் சுற்றிய தெருக்களிலே யார் குடியிருக்கலாம், யார் கூடாது என்று சாதி வகுத்த கோட்டை அவர் அவ்வளவாகப் பேசவில்லை. அதை நாம்தான் பேச வேண்டியிருந்தது, பேசினோம். குளங்களைக் கொசுவுக்குப் பயந்து தூர்க்கவேண்டும் என்று அதிகாரிகள் துடித்தபோது, மீனும் வாத்தும் விட்டால் கொசு தீரும், குளமும் பிழைக்கும், ஊரும் குளிரும் என்றார். நூறு ஆண்டுகளுக்கு முன்னே சொன்னது! கண்மாயைத் தூர்த்துப் பேருந்து நிலையமும் அலுவலகமும் கட்டிவிட்டு, மழை நாளிலே தண்ணீரைக் குறை சொல்லும் நமக்கு இது உறைக்க வேண்டாமா?

தோட்டிக்கு மாலை

1914 முதல் 1924 வரை அந்த மனிதர் இந்தியாவில் எழுதிய ஊர் அறிக்கைகள் ஏறத்தாழ ஐம்பது. லக்னோ, லாகூர், பரோடா, டாக்கா, கல்கத்தாவின் பராபசார். இடிப்பு வேலைக்கு எதிராக எங்கும் ஒரே குரல். எல்லாவற்றிலும் பெரியது 1918இல் வெளிவந்த இந்தூர் அறிக்கை, இரண்டு தொகுதி.

இந்தூரிலே அப்போது பிளேக் நோய். எலி செத்து விழுகிறது. மனிதனும் செத்து விழுகிறான். ஊருக்குள் நோட்டுப் புத்தகமும் கையுமாக அலைந்த இந்தத் தாடிக்கார வெள்ளையரைக் கண்டு, வீட்டை இடிக்க வந்தவன் என்று மக்கள் அஞ்சினார்கள். அவரோ மன்னரிடம் சென்று, தீபாவளி ஒரு நாளைக்குத் தம்மை ராஜாவாக்கும்படி கேட்டார். எந்தத் தெரு தன் வீடுகளைத் துப்புரவாக வைத்திருக்கிறதோ அந்தத் தெரு வழியேதான் ஊர்வலம் வரும் என்று பறையறைந்தார். அவ்வளவுதான்! தெருவுக்குத் தெரு போட்டி. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறிற்று. வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பு.

ஊர்வலத்திலே அழுக்கு அரக்கனுடைய உருவமும் பிளேக் எலியின் உருவமும் வந்தன, முடிவில் கொளுத்தப்பட்டன. தீபாவளிக் கதையிலும் அரக்கனைக் கொளுத்தும் வழக்கத்திலும் நமக்கு உடன்பாடில்லை. அது வேறு பேச்சு. அவர் கொளுத்திய அரக்கன் எந்த இனத்தையும் குறித்தவன் அல்லன். ஊர்க் குப்பையைக் குறித்தவன்.

நாம் நினைவில் கொள்ள வேண்டியது இதுதான்: அந்த ஊர்வலத்திலே நகரத் துப்புரவுத் தொழிலாளிகள் வெள்ளை வேட்டியும் மாலையுமாக, வண்ணம் தீட்டிய புது வண்டிகளோடு வந்தார்கள். கண்ணாலே கண்டாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்கள், ஊரின் நடுத்தெருவிலே, மாலையோடு! சட்டத்தால் சாதியை ஒழித்துவிட்டார் என்று நாம் சொல்லவில்லை. ஒரு நாள் விழா சாதியை ஒழிக்காது. ஆனால் ஊரை யார் தூக்கி நிறுத்துகிறார்கள் என்பதை ஊரார் கண் முன்னே நிறுத்தினார் அந்த அயலார். தலைமுறை தலைமுறையாக அவர்களோடு வாழ்ந்தவர்களுக்கு அது தோன்றவில்லையே!

வீட்டைப் பற்றியும் அவர் இந்தூரிலே சொன்னது இன்றும் கல்வெட்டு. ஏழைக்கு வேண்டியது இடம். சிமெண்டுப் பெட்டியிலே மூச்சு முட்ட அடைப்பதைவிட, மண் சுவரானாலும் தாழ்வாரமும் முற்றமும் உள்ள வீடு மேல். மனையைக் கொடு, அச்சமின்றி இருக்கும் உரிமையைக் கொடு, தண்ணீரும் வடிகாலும் செய்து கொடு. அவன் தன் கையாலே நாளுக்கு நாள் வீட்டை வளர்த்துக்கொள்வான் என்றார். பம்பாயிலே ஆலைத் தொழிலாளருக்காகக் கட்டிய அடுக்கு அறைகளைக் கண்டு மனம் கொதித்தார். மனிதரைக் குடிவைக்கும் முறையா இது, மூட்டையைக் கிடங்கிலே அடுக்கும் முறையல்லவா என்பது அவருடைய கண்டனம்.

துன்பமும் தொண்டும்

1917ஆம் ஆண்டு அவருக்குக் கொடிய ஆண்டு. ஏப்ரலில் மூத்த மகன் அலாஸ்டர் பிரெஞ்சுப் போர்முனையிலே மாண்டான். சில வாரங்களில், கூட வந்து கூடவே பாடுபட்ட மனைவி அன்னா இந்த மண்ணிலேயே காய்ச்சலுக்குப் பலியானார். சாவுப் படுக்கையில் கிடந்த தாய்க்கு மகன் இறந்த செய்தியைச் சொல்லாமலே மறைத்தார் கெடிஸ். இரண்டு துயரத்தையும் நெஞ்சிலே புதைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினார்.

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை தொடங்கியபோது முதல் பேராசிரியர் அவர்தான். ஜகதீச சந்திர போசின் வாழ்க்கை வரலாற்றை 1920இல் எழுதி வெளியிட்டார். உடல்நலம் கெட்டு 1924இல் இந்தியாவை விட்டுப் போனார். பிரான்சு நாட்டு மான்ட்பெல்லியரில் கல்லூரி ஒன்று அமைத்து அங்கேயே தங்கினார். 1932ஆம் ஆண்டு அரசப் பட்டம் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் கண் மூடினார்.

குறை இல்லாத மனிதரா? இல்லை. பேசுவது தாடிக்குள்ளேயே நின்றுவிடும் என்று மாணவர்கள் தவித்தார்கள். தொடங்கிய நூலை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவுவார். இவை சிறு குறைகள். பெரிய குறை ஒன்றுண்டு. நல்லதை எடுத்துச் சொன்னால் மன்னரும் ஆளுநரும் கேட்டுக்கொள்வார்கள் என்று நம்பினார். ஆளுவோர் அறிக்கையை வாங்கிக்கொண்டார்கள்; அலமாரியிலே வைத்துப் பூட்டினார்கள். பொறியாளர் பலர் அவரைப் பகல் கனவு காண்பவர் என்று ஏளனம் செய்தார்கள். ஏழையின் வீட்டை ஏழையின் வாக்குச் சீட்டுதான் காக்கும் என்று சொல்ல, அன்று ஏழையின் கையிலே வாக்குச் சீட்டே இல்லை. அவர் காலத்தின் எல்லை அது. இன்று நமக்கு அந்த எல்லை இல்லை. எனவே நமக்குச் சாக்குச் சொல்லவும் வழியில்லை.

நம் கணக்கு

சென்னை மாகாணத்தில் ஊரமைப்புச் சட்டம் 1920இல் வந்தது. ஆனால் குடிசைவாசியை மனிதனாக மதித்துச் சட்டம் இயற்ற அரை நூற்றாண்டு ஆயிற்று. கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971இல் குடிசைப் பகுதிச் சட்டம் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு கட்டி, அதே மக்களைக் குடியேற்றியதே அந்தத் தொடக்க காலத்தின் பெருமை. கெடிசைப் படித்துச் செய்தார்களோ, ஏழையின் வயிற்றைத் தெரிந்து செய்தார்களோ, அவர் சொன்ன வழி அதுதான். 1998இல் மதுரைச் சீமையின் மேலக்கோட்டையில் தொடங்கிய சமத்துவபுரம், அவர் எழுதாமல் விட்ட சாதிக் கேள்விக்கும் விடை எழுதத் துணிந்தது. அந்த வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிற்று. வாழ்விடம்! நல்ல சொல்.

ஆனால் உண்மையை மறைத்துப் பேசுவது நம் பழக்கமன்று. இடையிலே பாதை மாறியது. நகரத்தின் நடுவே இருந்த மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய், வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் வெகு தூரத்தில் இறக்கினார்கள். எந்த ஆட்சியிலே எத்தனை வீடு என்ற வழக்கு இங்கே வேண்டாம். பேருந்துக் கட்டணமும் நேரமும் இழந்த வேலைக்காரப் பெண்ணுக்கு அந்த வழக்கால் சோறு கிடைக்காது. 2022 மே மாதம் சென்னை இராஜா அண்ணாமலைபுரத்தில் வீடுகளை இடிக்க வந்தபோது ஒரு முதியவர் தன் உடலுக்கே தீ வைத்துக்கொண்டு மாண்டார். இனி மக்களைக் கலந்து பேசியே மறுகுடியமர்த்தம் நடக்கும் என்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அப்போது உறுதி அளித்தார். அந்த உறுதியை ஒவ்வொரு நகராட்சி வாசலிலும் எழுதி வைக்க வேண்டும் என்போம். யார் ஆண்டாலும் அதைக் காட்டிக் கேட்க வேண்டும் என்போம்.

இனி நம் பள்ளத்தாக்கு. 1996இல் மதுரையிலிருந்து தேனி தனி மாவட்டமாயிற்று. தேனி நகரத்து மக்கள்தொகை 2011 கணக்கிலேயே 94 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. மீட்டர் பாதையை மூடிய பிறகு பல்லாண்டு காத்திருந்த இரயில் 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் வந்து சேர்ந்தது. இரயில் வந்தால் மகிழ்ச்சி. கூடவே மனை விலையும் வருகிறது. மனை விலை ஏறும் ஊரிலே முதலில் கண்ணை உறுத்துவது வாய்க்கால் கரைக் குடிசைதான். நீர்நிலை காக்கப்பட வேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. பென்னிகுயிக் தந்த தண்ணீர் ஓடும் வாய்க்கால் அல்லவா? ஆனால் அதே வாய்க்காலை அடைத்து எழுந்த மாடி வீட்டுக்கும் மண்டபத்துக்கும் வழக்கு மன்றத்திலே ஆண்டுக் கணக்கில் தவணை. குடிசைக்கு மட்டும் விடிந்தால் இயந்திரமா? தண்ணீர் காக்கும் சட்டத்தைத் தண்ணீர் சுமப்பவள் தலையிலே மட்டும் இறக்குவது எந்த நீதி?

மலைமேலே பாருங்கள். லயத்திலே பிறந்து, லயத்திலே உழைத்து, வேலை ஓய்ந்த நாளிலே லயத்தைக் காலி செய்து இறங்கும் தமிழன் எங்கே போவான்? 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் மூணாற்றுப் பக்கத்துப் பெட்டிமுடியிலே மலை சரிந்து லயங்களின்மீது விழுந்தது. எழுபது உயிர்கள், பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் அவர் பிள்ளைகளும். எங்கே வீடு கட்டினால் நிற்கும், எங்கே கட்டினால் சரியும் என்று மலையைப் படித்துச் சொல்வதுதான் கெடிஸ் கேட்ட முதல் வேலை. படிக்காமல் கட்டிய கூரை கல்லறையாயிற்று.

ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல. இயந்திரம் வருமுன் ஆள் வரட்டும். வீடு வீடாக நடந்து, யார் எத்தனை ஆண்டாய் இருக்கிறார், எங்கே வேலை, பிள்ளை எந்தப் பள்ளி என்று எழுதட்டும். இருக்கும் இடத்திலேயே திருத்த முடிந்தால் திருத்தட்டும், பட்டா கொடுக்கட்டும். வெள்ளம் வரும் கரையிலிருந்து மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், அதே ஊர் எல்லைக்குள், நடக்கும் தூரத்தில், வீடு கட்டிச் சாவியைக் கையிலே கொடுத்த பிறகு மாற்றட்டும். மலையிலிருந்து இறங்கும் தோட்டத் தொழிலாளிக்கு அடிவாரத்து ஊர்களிலே மனை ஒதுக்கட்டும்.

நகராட்சிக் கூட்டத்திலே இதைக் கேளுங்கள். வார்டு உறுப்பினரை வழியிலே நிறுத்திக் கேளுங்கள். கெடிசுக்குக் கிடைக்காத ஒன்று உங்கள் கையிலே இருக்கிறது. அவர் அறிக்கை எழுதினார். நீங்கள் வாக்கு எழுதுகிறீர்கள். தண்ணீர் தந்தவருக்குப் பொங்கல் வைக்கும் பள்ளத்தாக்கே, வீட்டை இடிக்காதே என்று சொன்னவருக்கு மண்டபம் கட்டச் சொல்லவில்லை. வாய்க்கால் கரையிலே ஒரு குடும்பத்துக்குப் பட்டா வாங்கிக் கொடு. அது போதும் அவருக்கு.